மயோர்க்காத் தீவும் காரோட்டுத் தொட்டிலும்

மத்தியதரைக் கடலில், ஸ்பெயின் நாட்டின் கிழக்குக் கரைக்கு அப்பால், மயோர்க்கா என்றொரு தீவு உண்டு. வெயில் காயவும், கடலாடவும், மலைச்சரிவுகளில் உலாவவும் ஐரோப்பிய மக்கள் ஆண்டுதோறும் இலட்சக்கணக்கில் அங்கே செல்கின்றனர். அதன் தலைநகராகிய பால்மாவில் கடலோரத்திலே பெரியதொரு தேவாலயம் நிற்கிறது. நகரை அடுத்த குன்றின்மீது வட்ட வடிவில் ஒரு கோட்டை. வடமேற்கு மலையில் வால்தெமோசா என்னும் பழைய மடம். பார்ப்பதற்கு இத்தனை உடைய அந்த ஊருக்கு 1952-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் அமெரிக்கர் ஒருவர் ஒலிப்பதிவுக் கருவியும் கையுமாக வந்து இறங்கினார். அவர் பெயர் ஆலன் லோமாக்ஸ். அவர் அங்கே செய்ததைச் சொல்வதே நமது நோக்கம். எனினும் அதைச் சொல்லத் தூண்டியது நம் சொந்த ஊரில் நேர்ந்த ஒரு சிறு செய்தி. ஆதலின் ஊரைப் பற்றியும் சற்றுச் சொல்ல வேண்டியிருக்கிறது. நேயர்கள் பொறுத்தருள்க.

நம் ஊர் காரோடு. திருவனந்தபுரம் மாவட்டத்தின் தென்கோடியில், நெய்யாற்றின்கரை வட்டத்தில், பாறசாலையை அடுத்து உள்ளது. களியக்காவிளைச் சந்தைக்குப் போனால் தமிழ்நாடு. பாறசாலைப் புகைவண்டி நிலையத்திற்குப் போனால் கேரளம். 1956-ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாள் மாநிலங்கள் மொழிவழியாகத் திருத்தி அமைக்கப்பட்டபோது, தோவாளை, அகஸ்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு வட்டங்களும் சென்னை மாநிலத்தோடு இணைந்தன. நெய்யாற்றின்கரை வட்டம் கேரளத்தில் நின்றுவிட்டது. கோடு கிழித்தவர்களைக் குறை சொல்லப் புகுந்தோம் அல்லோம். எங்கே கிழித்தாலும் அது சிலருடைய முற்றத்தின் குறுக்கேதான் சென்றிருக்கும். நம் வீட்டிலும் பெரியவர்கள் தமக்குள் பேசியது தமிழ். பிள்ளைகள் பள்ளியில் படித்தது மலையாளம். மரச்சீனி விற்க வந்தவரிடம் விலை பேசியது இரண்டும் கலந்த ஒன்று. பின்னர் நாம் கல்லூரி முடித்து, மத்திய அரசின் அலுவலகம் ஒன்றில் மொழிபெயர்ப்பாளராகி, வடக்கே வந்து சேர்ந்தோம். ஒரு மொழி முடிந்து மற்றொரு மொழி தொடங்கும் இடம் தெளிவாகத் தெரியும் என்று நம்பிச் சம்பளம் வாங்குகிறவர்கள் நாம்.

விடுமுறையில் ஊருக்குச் செல்லும் வெளிமாநிலத் தமிழர் செய்வதையே நாமும் செய்துவந்தோம். உறவினரைப் பார்ப்பது பாதி, இடங்களைப் பார்ப்பது பாதி. அவ்வாறு ஒருமுறை அம்மையை அழைத்துக்கொண்டு பத்மநாபபுரம் அரண்மனைக்குச் சென்றோம். அந்த அரண்மனையே எல்லைக்கோட்டின் வேடிக்கைகளுள் ஒன்று. தமிழ்நாட்டு மண்ணில் அது நிற்கிறது. பேணுவதோ கேரள அரசின் தொல்லியல் துறை. கண்ணாடி போல் மின்னும் அதன் கரிய தரையிலும், வேலைப்பாடு மிக்க மரத்தூண்களின் அருகிலும் அம்மையை நிறுத்தி நிறுத்திப் படம் எடுத்தோம். நாற்பதுக்குக் குறையாத படங்கள் இன்றும் இருக்கின்றன. அதற்கு அடுத்த ஆண்டு அம்மை மறைந்தார். படம் எடுத்த அதே கைப்பேசியில் குரலைப் பதியவும் வழி இருந்தது. ஆயினும் அம்மையின் குரல் ஒரு விநாடி அளவுகூட நம்மிடம் இல்லை. ஊர் பார்க்கச் செல்கிறவர்கள் காதைத் தீட்டிக்கொண்டு செல்வதில்லை போலும்.

லோமாக்ஸ் இதற்கு நேர்மாறானவர். 1915-இல் டெக்சாஸ் மாநிலத்தில் பிறந்தார். தந்தை ஜான் லோமாக்ஸும் நாட்டார் பாடல்களைத் திரட்டியவர். 1933-இல் தந்தையும் மகனும் முந்நூறு பவுண்டுக்கு மேல் எடையுள்ள பதிவுக்கருவியைக் காரில் ஏற்றிக்கொண்டு, அமெரிக்கத் தென்மாநிலச் சிறைச்சாலைகளுக்குள் புகுந்து, கறுப்பினக் கைதிகளின் பாடல்களைத் தட்டுகளில் பதிந்தனர். ஆலன் தாமும் கித்தார் மீட்டிப் பாடுபவர். வானொலியில் இசை நிகழ்ச்சிகள் நடத்திப் பெயர் பெற்றவர். 1950-இல், வானொலித் துறையில் பொதுவுடைமைச் சார்பினர் என்று ஐயுறப்பட்டவர்களின் பெயர்களைத் திரட்டிய நூலொன்று அமெரிக்காவில் வெளிவந்தது. அதில் அவர் பெயரும் இருந்தது. அவ்வாண்டே அவர் ஐரோப்பா சென்று, 1958 வரை இலண்டனைத் தலைமையிடமாகக் கொண்டு உழைத்தார். கொலம்பியா இசைத்தட்டு நிறுவனத்திற்காக உலக நாட்டார் இசையை நாடு நாடாகத் தொகுப்பதே அப்போது அவர் மேற்கொண்ட பணி. அவ்வரிசையில் இந்தியாவுக்கு உரிய தட்டைத் தொகுத்தவர் அலென் தனியேலு என்பதையும் குறிப்பிட்டுச் செல்வோம்.

மயோர்க்காவுக்கு அவர் சென்றது பதிவதற்காக அன்று. பால்மாவில் நாட்டார் வழக்காற்று மாநாடு ஒன்று கூடியது. அதையொட்டி நடன விழாவும் இருந்தது. ஸ்பெயினுக்கு உரிய தட்டைத் தொகுத்துத்தர அந்நாட்டு அறிஞர் யாரேனும் முன்வருவாரா என்று விசாரிக்கவே போனார். கையில் சில சுருள் நாடாவே இருந்தது. அந்நாட்டு மக்களைப் பற்றிய படிப்பும் இல்லை. தங்கும் எண்ணமும் இல்லை. மாநாட்டுத் தலைவரை அணுகிக் கேட்டதற்கு, இந்நாட்டில் எந்த இசையறிஞரும் உமக்கு உதவாதபடி பார்த்துக்கொள்வேன் என்ற கருத்தில் மறுமொழி வந்ததாக அவரே பிற்பாடு எழுதினார். அந்தச் சினத்திலேதான், என்ன ஆனாலும் இந்நாட்டின் இசையைப் பதிந்தே தீர்வது என்று உறுதி கொண்டாராம். நல்ல காரியங்கள் பலவற்றுக்கு நல்ல நோக்கம் மட்டும் காரணமாக இருப்பதில்லை.

உறுதி கொண்டவர் உடனே வேலையில் குதித்துவிட்டாரா? அதுவும் இல்லை. ஏறக்குறைய ஒரு மாத காலம் நிலத்தின் அழகிலே மயங்கியும், அங்கிருந்த மக்களின் வறுமையைக் கண்டு மனம் நொந்தும், குறியின்றி அலைந்ததாகச் சொல்கிறார். அக்காலத்தில் ஸ்பெயின் பிராங்கோவின் ஆட்சியில் இருந்தது. கறுப்புத் தொப்பி அணிந்த காவற்படையினர் அவர் செல்லும் ஊர்தோறும் எப்படியோ வந்து நின்றனர். அவர்களைக் கண்டதும் பாடகர்களுக்கு உற்சாகம் போய்விடும். இடம் பார்த்தலும் ஒலி பதிதலும் இவ்வாறு அச்சத்தின் நிழலிலேயே நடந்தன. ஆயினும் ஏழு மாதங்கள் அவர் அந்நாட்டை விடவில்லை.

மயோர்க்காவில் அவர் பதிந்தவற்றுள் சிறப்பானவை உழவர் பாடல்கள். ஏர் உழும்போது ஒன்று, கதிர் அறுக்கும்போது ஒன்று, கதிரடிக்கும்போது ஒன்று என வேலைக்கு ஒரு பாட்டு உண்டு. கதிரடிக்கும் களம் வட்டமானது. கோவேறு கழுதை கல்லுருளையை இழுத்துக்கொண்டு சுற்றிச் சுற்றி வரும். கயிற்றைப் பிடித்தபடி நடுவில் நிற்பவர் பாடுவார். தாளம் என்று தனியே இல்லை. விலங்கின் நடைதான் அளவு. ஓர் அடியைப் பாடி, அதன் ஈற்றை நீட்டி வளைத்து இழுத்து, மூச்சு முடியும் இடத்தில் விடுவார். கேட்கும்போது ஐரோப்பியப் பாட்டென்று தோன்றாது. 902 முதல் 1229 வரை அத்தீவு முஸ்லிம்களின் ஆட்சியில் இருந்தது. அந்த நெளிவுகளுக்குள் அக்காலத்தின் சாயல் இருக்கிறது என்று கருதுவோர் உண்டு. நமக்கோ அவற்றைக் கேட்டபோது சூடடிப்புக் களத்தில் மாடுகளைச் சுற்றவிட்டு இரவெல்லாம் குரல் கொடுத்த நம் ஊர்ப் பெரியவர்கள் நினைவுக்கு வந்தனர். வைக்கோல் மணமும் வந்தது என்றால் மிகை என்பீர்கள்.

அத்தீவின் பேச்சு காட்டலன் மொழியின் ஒரு வகை. பிராங்கோ ஆட்சியில் பள்ளியிலும் அலுவலகத்திலும் அதற்கு இடம் இல்லை. விழா மேடையில் வண்ண உடை அணிந்து ஆடினால், ஸ்பெயினின் பல்வகை அழகுகளுள் ஒன்று என்று கைதட்டப்படும். மனுவில் எழுதினால் திருப்பி அனுப்பப்படும். ஏர் பிடித்தவர் பாடும்போது மட்டும் யாரையும் அனுமதி கேட்கவில்லை. லோமாக்ஸின் நாடாவில் அம்மொழி அப்படியே விழுந்தது. நாடாவுக்குப் படிவங்கள் நிரப்பத் தெரியாது அன்றோ!

இவருக்கு நூறாண்டு முன்னரே வேறோர் இசைஞர் அத்தீவுக்கு வந்து ஒரு குளிர்காலத்தைக் கழித்திருக்கிறார். அவர் பியானோ மேதை ஷோபின். 1838-ஆம் ஆண்டு இறுதியில், எழுத்தாளர் ஜார்ஜ் சாண்ட் அம்மையாருடன் வந்து வால்தெமோசா மடத்தில் தங்கினார். உடல்நலம் தேடி வந்தவருக்கு மழையும் இருமலுமே கிட்டின. பாரிஸிலிருந்து வரவழைத்த பியானோ சுங்கச் சாவடியில் சிக்கிக்கொண்டது. அது மடத்துக்கு வந்து சேர்ந்த சில வாரங்களில் அவர்கள் தீவை விட்டே போய்விட்டார்கள். இடையில் தம் முன்னிசைகளின் வரிசையை அவர் அங்கே முடித்தார். அவர்கள் பார்சலோனாவிலிருந்து கப்பலில் வந்த இரவில், சுக்கான் பிடித்தவன் உறங்காமல் இருப்பதற்காக மெல்லப் பாடிக்கொண்டே வந்தான் என்று சாண்ட் அம்மையார் எழுதியிருக்கிறார். எழுதியது இருக்கிறது, பாட்டு இல்லை. உலகத்தின் நுண்ணிய காதுகளுள் ஒன்று அதே கப்பலில் வந்தும், அந்தப் பாட்டு கடற்காற்றோடு போயிற்று.

லோமாக்ஸ் பதிந்தவை அவ்வாறு போகவில்லை. அவர் 2002-இல் காலமானார். அவருடைய தொகுப்பு 2004-இல் அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தைச் சேர்ந்தது. மயோர்க்காப் பதிவுகள் தனிக் குறுந்தட்டாகவும் வந்துள்ளன. ஸ்பெயினின் கலீசியாப் பகுதியில் அவர் பதிந்த ஒரு குழலிசையைக் கேட்டே, மைல்ஸ் டேவிஸ் என்னும் கறுப்பின எக்காளக் கலைஞரும் கில் எவன்ஸும் 1960-இல் வெளிவந்த தங்கள் புகழ்பெற்ற இசைத்தட்டில் ஒரு பகுதியை அமைத்தனர். மூலக் குழலை ஊதியவர் ஊர் ஊராகச் சென்று பன்றிகளுக்கு ஆண்மை நீக்கும் தொழிலாளி. தாம் வந்துவிட்டதை ஊராருக்கு அறிவிக்க ஊதிய குழல் அது. இத்தகைய பயணத்தில் பாடியவருக்கு என்ன கிடைத்தது, பதிந்தவருக்கு என்ன கிடைத்தது என்ற வினா எழுவது நியாயமே. அவ்வினாவுக்கு முழு விடையாகாவிடினும் லோமாக்ஸிடம் ஒரு பழக்கம் இருந்தது. பதிந்து முடித்ததும் கருவியைத் திருப்பி, பாடியவரையே அதைக் கேட்கச் செய்வார். தம் குரலைத் தாமே கேட்டவர் முகம் மலர்வதையும், சுற்றி நின்றோர் அடுத்த பாட்டுக்கு ஆயத்தமாவதையும் கண்டு, இதுவே தம் வேலையின் சாரம் என்று கருதினார்.

நம் நாட்டிலும் இதற்கு முன்னோடி ஒருவர் உண்டு. ஆர்னால்ட் பாக்கே என்னும் டச்சுக்காரர் 1925-இல் சாந்திநிகேதனம் வந்து, தாகூரின் பாடல்களைக் கற்று, தாமே பாடவும் செய்தார். இலங்கைத் தீவில் மெழுகு உருளைகளில் பதிந்தார். பின்னர் 1938-இல் புதிய கருவியோடும் படப்பிடிப்புக் கருவியோடும் தமிழ்நாடு, கேரளம், கர்நாடகம் என்று இன்று நாம் சொல்லும் பகுதிகளில் பயணம் செய்தார். அவர் 1963-இல் இலண்டனில் காலமானார். அவருடைய மாணவர் நசீர் ஜைராஸ்பாயும் ஏமி காட்லினும் 1984-இல் அந்தப் பதிவுகளின் படிகளை எடுத்துக்கொண்டு அதே ஊர்களுக்குத் திரும்பி வந்து, அங்கிருந்தோர் முன் அவற்றை ஒலிக்கச் செய்தார்கள். எடுத்துச் சென்றது நாற்பத்தாறு ஆண்டுகள் கழித்தாவது வீடு வந்தது.

நெய்யாற்றின்கரைப் பக்கத்தில் இசைக்குப் பஞ்சம் இல்லை. கர்நாடக சங்கீதத்தில் நெய்யாற்றின்கரை வாசுதேவன் போன்ற பெரும் பாடகரைத் தந்த மண் அது, அவர் திருவனந்தபுரம் வானொலியில் பணியாற்றியவர், 2008-இல் மறைந்தார், பதிவுகள் இருக்கின்றன. ஆனால் கோயில் கொடையில் வில்லடித்தவர்களின் பாட்டில் பெரும்பகுதி காற்றோடு சென்றது. கணியாகுளத்தில் திருமலை நாயக்கரின் படையை எதிர்த்து மாண்ட இரவிக்குட்டிப் பிள்ளையின் கதையை எடுத்துக்கொள்வோம். தமிழறிஞர் அதைத் தமிழ்க் கதைப்பாடல் என்பர். மலையாள அறிஞர் அதைத் தெக்கன் பாட்டுகளுள் வைப்பர். இரு சாராரிடமும் சான்று உண்டு. கேட்டு அழுத கிழவிகளிடம் யாரும் இந்த வழக்கைக் கொண்டுபோனதாகத் தெரியவில்லை.

இனி நாம் சொல்ல வந்த செய்திக்கு வருவோம். சென்ற விடுமுறையில் இம்முறை படம் அல்ல, குரல் என்ற உறுதியோடு காரோடு சென்றோம். காலையில் பூவாற்றுப் பொழிமுகம் பார்ப்பது, மாலையில் பெரியம்மையிடம் பாட்டுப் பதிவது என்று திட்டம். பெரியம்மை அம்மைக்கு மூத்தவர், எண்பது கடந்தவர். அலுவலகப் பழக்கத்தால், பாட்டின் பெயர், பாடியவர், ஊர், மொழி, நாள் என்று கட்டங்கள் இட்ட தாளொன்றையும் ஆயத்தம் செய்து வைத்தோம். மாலையில் கைப்பேசியை முன்னே வைத்து, “பாடுங்கள் பெரியம்மை” என்றோம்.

“எனக்கு ஒண்ணும் தெரியாது மக்களே. பாட்டெல்லாம் உன் அம்மைக்குத்தான் தெரியும்” என்று எழுந்து போய்விட்டார்.

இரண்டாம் நாளும் அதே விடை. நம் தவறு நமக்கு விளங்கவில்லை. மூன்றாம் நாள் காலையில், புறப்படுவதற்குக் கார் வந்து நின்றபோது, உள்ளே தொட்டிலில் கிடந்த பேத்தியின் குழந்தை வீறிட்டது. தாய் குளிக்கப் போயிருந்தாள். பெரியம்மை பலாக்கொட்டை உரித்துக்கொண்டிருந்த கையைத் துடைத்துவிட்டுத் தொட்டில் கயிற்றைப் பிடித்தார். பிடித்ததும் பாட்டும் வந்தது. நாம் கைப்பேசியை நிலைப்படியில் வைத்துவிட்டு வாளா நின்றோம். கார்க்காரர் ஒலி எழுப்பினார், கோழி கூவியது, அவையும் பதிவில் உள்ளன. தொட்டில் கயிறு உத்தரத்தில் உராயும் ஓசையே அப்பாட்டின் தாளம். பூவாறு பார்க்கும் பயணம் அன்று நின்றது.

குழந்தை உறங்கிய பின் தாளை எடுத்து நிரப்ப முற்பட்டோம். பாட்டின் பெயர் என்னும் முதற் கட்டத்திலேயே கை நின்றது. தமிழில் தாலாட்டு, மலையாளத்தில் தாராட்டு. நடுவே நிற்பது ஒரேயோர் எழுத்து. பெரியம்மை சொன்னது எது? திருப்பிக் கேட்டோம். ஒருமுறை லகரம் போலவும், மறுமுறை ரகரம் போலவும் ஒலித்தது. பாட்டிலோ ஓர் அடி தமிழாய்த் தொடங்கி மலையாளமாய் முடிகிறது. சில சொற்கள் எந்த அகராதியிலும் இருக்குமா என்பது ஐயம். இருபதாண்டு மொழிபெயர்த்த அனுபவம் ஒரு கட்டத்தை நிரப்பப் போதவில்லை. தமிழ் என்று எழுதினால் பாதியை மறைக்கிறோம். மலையாளம் என்று எழுதினால் மறு பாதியை. அக்கட்டத்தை வெறுமையாக விட்டோம்.

நாம் கேட்டுக்கொண்டிருந்த ஒலி அடுக்களைக்கு எட்டவே, பெரியம்மை வந்து நின்றார்.

“இது யார் பாடுறது?”

“நீங்கள்தான், பெரியம்மை.”

“நானா? உன் அம்மை பாடுறது மாதிரியில்லா இருக்கு” என்றவர், முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, “இன்னொரு தடவை போடு மக்களே” என்றார்.

மீண்டும் ஒலிக்கச் செய்தோம். அவர் சொன்னது மெய்யே. அக்காளும் தங்கையும் ஒரே தாயிடம் கேட்டுப் பழகிய பாட்டு. ஈற்றை இழுத்து மூச்சோடு விடும் இடம் இருவருக்கும் ஒன்றுதான். நாற்பது படங்களில் கிட்டாத அம்மை, கோழியும் கார் ஒலியும் கலந்த அந்தப் பதிவில் சற்று இருந்தார்.

அதற்குள் அடுத்த வீட்டுப் பாட்டி வேலிக்கு அப்பாலிருந்து கேட்டுவிட்டு, “அக்கா, நடுவிலே ஒரு அடி விட்டுப்போட்டியே” என்று சொல்லிக்கொண்டே வந்தார். விடவில்லை என்றார் பெரியம்மை. விட்டதுதான் என்று மற்றவர் அந்த அடியைப் பாடிக் காட்டினார். அது தன் பிறந்த வீட்டு வழக்கம், இங்கே அப்படி இல்லை என்று பெரியம்மை மறுத்தார். இரண்டு நாள் ஒன்றும் தெரியாது என்றவர், அவரை வெல்வதற்காக மேலும் மூன்று பாட்டுப் பாடினார். உரிக்காத பலாக்கொட்டை அப்படியே கிடந்தது. நாம் கைப்பேசியை இருவருக்கும் நடுவே நகர்த்தி வைத்து, மின்சாரக் கம்பியைச் செருகிவிட்டு, கார்க்காரரிடம் சென்று அன்றைய கூலியைக் கொடுத்து அனுப்பினோம்.